காலியான இன்பாக்ஸ்



மின்னஞ்சல் என்றதும் இன்று பலருக்கும் ஜிமெயில்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆடிட்டர் அலுவலகம், வக்கீல் அலுவலகம், ஏற்றுமதி செய்பவர்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் வீடு என்று போய்ப் பாருங்கள். அங்கெல்லாம் கணினிக்குள் நிறுவிய மெயில் புரோகிராம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவுட்லுக், தண்டர்பேர்ட், பரணில் கிடக்கும் எக்ஸ்பி கணினி என்றால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். இவற்றைச் சரி பார்ப்பதும், ஒன்றிலிருக்கும் கடிதங்களை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதும் என் பிழைப்பு.

எனக்கு வரும் போன்களில் அடிக்கடி கேட்பது ஒரே வாசகம்தான். "சார், இன்பாக்ஸ் காலியாயிடுச்சு!" அதோடு விட்டால் தேவலை. "தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தோம், அப்பவும் வரலை" என்பார்கள். அங்கேதான் எனக்குப் பகீரென்கும். ஏனென்றால் காலியான இன்பாக்ஸில் பெரும்பாலும் கடிதம் எதுவும் போயிருக்காது. நாம் பதறிப்போய்ச் செய்யும் வைத்தியத்தில்தான் போகும்.

தண்டர்பேர்டையே எடுத்துக்கொள்வோம். மொசில்லாக்காரர்கள் 2004 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள், இன்றும் இலவசம். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து உங்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கலாம். உள்ளே இன்பாக்ஸ் என்ற பெயரில் இரண்டு கோப்புகள் தெரியும். ஒன்றுக்கு வால் கிடையாது, வெறும் இன்பாக்ஸ். இன்னொன்றுக்கு எம்எஸ்எஃப் என்று வால் இருக்கும். வால் இல்லாததில்தான் உங்கள் கடிதங்கள் அத்தனையும் இருக்கின்றன. வால் உள்ளது வெறும் அட்டவணை. நூலகத்தில் பட்டியல் அட்டைகள் நனைந்துபோனால் அலமாரியில் இருக்கிற புத்தகம் என்ன ஆகிவிடும்? அதே கதைதான். புரோகிராமை மூடிவிட்டு, அந்த எம்எஸ்எஃப் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி திறந்தால், புது அட்டவணையைத் தானே எழுதிக்கொள்ளும். ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுத்தாலும் இதுதான் நடக்கிறது.

அந்த வாலில்லாத கோப்பு இருக்கிறதே, அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். எம்பாக்ஸ் என்பது அந்த வடிவத்தின் பெயர். 1970-களின் யூனிக்ஸ் கணினிகளில் பிறந்தது. வெறும் எழுத்துக் கோப்பு; நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். ஒரு கடிதம் முடிந்ததும் அதற்குக் கீழே அடுத்தது, அதற்குக் கீழே அதற்கடுத்தது. ஒரு கடிதம் எங்கே தொடங்குகிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி 'ஃப்ரம்' என்று பெரிய எஃப் போட்டு ஆரம்பித்து, பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தால், அது புதுக் கடிதம். ஏற்பாடு அவ்வளவுதான்! 2005-ல் ஆர்எஃப்சி 4155 என்ற ஆவணத்தில் இதை எழுதி வைத்தார்கள். 1988-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதிய யூடோரா என்ற புகழ்பெற்ற மெயில் புரோகிராமும் இதன் சாயலில்தான் கடிதங்களைச் சேர்த்து வைத்தது.

சரி, கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி அப்படி ஆரம்பித்தால்? நல்ல கேள்வி. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், கட்சிக்காரர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ஒரு பத்தி 'ஃப்ரம் ஃபர்ஸ்ட் ஏப்ரல்' என்று தொடங்கியிருந்தது. ஏதோ ஓர் இலவசக் கருவியால் கடிதங்களை மாற்றியிருந்தார்கள். அந்தக் கருவிக்கு இந்த நுணுக்கம் தெரியாது. சுற்றறிக்கை அந்தப் பத்தியில் உடைந்து, பின்பாதி அனுப்பியவர் பெயரோ தலைப்போ இல்லாத அரைக் கடிதமாய் நின்றது. அவர்களோ வைரஸ் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்த புரோகிராம்கள் அப்படிப்பட்ட வரிக்கு முன்னால் ஓர் அம்புக்குறியைப் போட்டுவிடும். உங்கள் பழைய கடிதங்களில் சம்பந்தமில்லாமல் ஓர் அம்புக்குறி நின்றால், காரணம் இதுதான்.

இன்னொரு சங்கதி. தண்டர்பேர்டில் கடிதத்தை அழித்தால், அது அந்தக் கோப்பிலிருந்து உடனே போய்விடாது. கடிதத்தின் தலைப்பகுதியில் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி உண்டு. படித்த கடிதத்துக்கு அதில் 0001 என்றிருக்கும். அழித்ததும் 0009 ஆகும். அவ்வளவே! கோப்பைச் சுருக்கும் காம்பாக்ட் வேலையைச் செய்யும்போதுதான் நிஜமாகவே வெளியேறும். ஓர் ஏற்றுமதிக்காரர் வாங்குபவருடைய கடிதங்களையெல்லாம் அழித்து, ட்ராஷையும் காலி செய்துவிட்டு, முகம் வெளுத்துப்போய் வந்தார். நல்ல வேளை, காம்பாக்ட் ஆகவில்லை. இன்பாக்ஸ் கோப்பை நகலெடுத்து, நகலில் அந்த எண்களைத் திருத்தி, எம்எஸ்எஃப்பை ஒதுக்கிவிட்டுத் திறந்தோம். எல்லாம் வரிசையாய் வந்து நின்றன. ஆனால் இடம் நிறைய மிச்சமாகும் என்று கண்டால் புதிய பதிப்புகள் காம்பாக்ட் செய்யக் கிளம்பிவிடும். ஆகவே தவறுதலாய் அழித்தால், முதலில் புரோகிராமை மூடுங்கள். பிறகு போன் செய்யுங்கள்.

நேயர்களே, எம்பாக்ஸை நோட்பேடில் திறந்துவிட்டு, "எங்கே சார் தமிழ்? ஒரே ஆங்கில எழுத்துக் குப்பையா இருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. அது குப்பையல்ல. தமிழ்க் கடிதம் பெரும்பாலும் பேஸ் 64 என்ற குறியீட்டில் பயணம் செய்யும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பேஸ் 64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். அதனால் '4, கே, 6' என்றும், '4, கே, பிளஸ்' என்றும் தொடங்கும் நான்கு நான்கு எழுத்துகளாகக் கோப்பு நெடுகக் கிடக்கும். 'வணக்கம்' என்ற சொல்லின் முதல் எழுத்து அதில் '4, கே, 6, 1'. எனக்குப் பழகிவிட்டது, 4, கே, 6 கண்ணில் பட்டாலே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று மூச்சு விடுவேன்.

பழைய தமிழ்க் கடிதங்கள் வேறு ரகம். ஒரு பேராசிரியர் வீட்டு எக்ஸ்பி கணினியில், வெளிநாட்டிலிருந்த மகன் எழுதிய கடிதங்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இருந்தன. அதன் டிபிஎக்ஸ் கோப்புகள் எம்பாக்ஸ் போல வெளிப்படையானவை அல்ல. 2 ஜிபியை நெருங்கினாலே தகராறு செய்யும். எக்ஸ்பியில் ஓடும் கடைசித் தண்டர்பேர்ட், 52-ஆம் வரிசை. அதை அந்தக் கணினியிலேயே நிறுவி, இம்போர்ட் கொடுத்து, உருவான வாலில்லாக் கோப்புகளை மட்டும் புதுக் கணினியின் லோக்கல் ஃபோல்டர்ஸில் போட்டேன். வந்துவிட்டன. ஆனால் எழுத்தெல்லாம் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்தாய்த் தெரிந்தது. "போச்சா தம்பி?" என்றார் பேராசிரியர். "போகலை ஐயா. இது டிஸ்கி" என்றேன். யூனிகோட் பரவும் முன் உலகத் தமிழர்கள் மடல் எழுதிய குறியாக்கம் டிஸ்கி. 1999-ல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இன்னும் இரண்டைக் கொண்டு வந்தது. டிஸ்கியில் தமிழெழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருக்கும். அது டிஸ்கி என்று கடிதத்தின் தலைப்பகுதி சொல்லாததால், புதுக் கணினி அந்த எண்களுக்கு ஐரோப்பிய எழுத்தைக் காட்டுகிறது. என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒரு கடிதத்தை ஒட்டி, யூனிகோடுக்கு மாற்றிக் காட்டினேன். "அன்புள்ள அப்பாவுக்கு" என்ற வரி வந்ததும், மேற்கொண்டு பேச்சில்லை. கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். இப்படிக் கடிதம் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து அந்த ஐரோப்பிய எழுத்துக் கோலத்திலேயே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். வழியில் சில எழுத்துகள் கேள்விக்குறியாகிவிட்டால் பிறகு மீட்க முடியாது.

அடடா, நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது பிஎஸ்டி கோப்பு. 2002 வரை வந்த அவுட்லுக்கில் அதன் எல்லை 2 ஜிபி; 2003 பதிப்பிலிருந்து அது விரிந்துவிட்டது. திறக்க மறுத்தால், மைக்ரோசாஃப்ட் கூடவே கொடுத்திருக்கும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவியை, அசலின் மேல் அல்ல, நகலின் மேல் ஓட்டுங்கள். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேறு வழி தெரியவில்லையா? இரண்டிலும், கடிதங்களைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஒரே ஐமேப் கணக்கைச் சேர்த்து, பழையதிலிருந்து கடிதங்களை அந்தக் கணக்கின் ஃபோல்டருக்கு இழுத்துப் போடுங்கள். புதியதில் தானாக வந்து இறங்கும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நம்பகமான வழி. கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்வரில் நகல் விட்டு வைக்கும்படி அமைக்காவிட்டால், உலகத்திலேயே அந்தக் கடிதத்தின் ஒரே பிரதி உங்கள் மேஜைக்கடியில் சுற்றும் ஹார்ட் டிஸ்கில்தான்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். மெயில் புரோகிராமை மூடிவிட்டு, கடிதங்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். எடுத்த நகல் இன்னொரு கணினியில் திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.