அழுதுகாட்ட மறுக்கும் முகம்

(திரையிடல் ஒன்றுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)



இப்போது நாம் பார்த்த 'தி அதர் சைட் ஆஃப் ஹோப்' (2017) ஓர் அகதியின் கதை. ஆனாலும் பாதிப் படம் சிரித்தோம். சிரித்துவிட்டு, சிரித்திருக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவரையும் பார்த்துக்கொண்டோம். அந்தத் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அலெப்போவிலிருந்து தப்பி ஹெல்சின்கி வந்த காலித், புகலிட விசாரணையில் உட்கார்ந்திருக்கிறார். வீடு இடிந்ததை, குடும்பத்தினர் இறந்ததை, தங்கையைத் தொலைத்ததைச் சொல்கிறார். ஃபிளாஷ்பேக் இல்லை. அவர் அழவும் இல்லை. ரேஷன் கடையில் முகவரி சொல்வதுபோலச் சொல்கிறார். அலெப்போவில் அவ்வளவு ஆபத்து இல்லை என்று சொல்லி அரசு அவர் மனுவைத் தள்ளுபடி செய்கிறது. தொலைக்காட்சியிலோ அதே ஊரில் குண்டு விழும் செய்தி ஓடுகிறது. அந்த அதிகாரிகளின் முகத்திலும் சலனமில்லை. இரண்டுமே உணர்ச்சி காட்டாத முகங்கள்தான். ஆனால் ஒன்று தன் மானத்தைக் காத்துக்கொள்கிறது, இன்னொன்று தன் நாற்காலியை.

எனக்கு இது தெரிந்த காட்சி. ஆய்வுக்கூடத்தில் சாதியைச் சொல்லி என்னைப் பேசியது குறித்து ஒருமுறை புகார் கொடுத்தேன். விசாரணைக் குழுவின் முன்னால் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக முந்தைய இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். முடித்ததும் உறுப்பினர் ஒருவர், "நீங்க பேசுறதப் பாத்தா ரொம்ப பாதிக்கப்பட்ட மாதிரி தெரியலையே" என்றார். அழுதிருந்தால் 'உணர்ச்சிவசப்படுகிறார்' என்று எழுதியிருப்பார்கள். எந்த முகத்தோடு போனாலும் அந்த அறையில் அது தப்பான முகம்தான்.

காலித்துக்கும் இது சொல்லித்தரப்படுகிறது. சோகமாக இருப்பவர்களைத்தான் முதலில் திருப்பி அனுப்புவார்கள், சந்தோஷமாக இருப்பதுபோலக் காட்டிக்கொள் என்கிறார் சக அகதி. அதற்காகத் தெருவில் சிரித்துக்கொண்டே நடக்காதே, பைத்தியம் என்று நினைப்பார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நாம் சிரித்த இடம் அது.

முகத்தில் எதையும் காட்டாமல் பேசும் இந்தப் பாணியை டெட்பேன் என்கிறார்கள். மௌனப்பட காலத்து பஸ்டர் கீட்டன் 'கல்முகம்' என்றே பெயர் வாங்கியவர். பிரான்ஸில் ராபர்ட் ப்ரெஸ்ஸோன் தன் நடிகர்களை நடிகர்கள் என்றே சொல்லாமல் 'மாடல்கள்' என்றார், நடிப்பைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் படம்பிடித்தார். இந்த மரபைத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனவர் பின்லாந்தின் அகி கௌரிஸ்மாகி. 1957இல் பிறந்தவர். இயக்குநர் ஆவதற்கு முன் தபால்காரராகவும் பாத்திரம் கழுவுபவராகவும் வேலை பார்த்தவர். அவர் படங்களில் குப்பை வண்டித் தொழிலாளி, சூப்பர் மார்க்கெட் காசாளர், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி ஆகியோர்தான் காதலிக்கிறார்கள்.

'தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்' (1990) படத்தின் தொடக்கத்தில் மரக்கட்டை ஒன்று தீப்பெட்டியாக மாறுவதைப் பார்க்கிறோம். இயந்திரங்களுக்குப் பிறகுதான் ஐரிஸ் என்ற பெண்ணின் கையும் முகமும் வருகின்றன. வசனம் வர இன்னும் வெகுநேரம் ஆகிறது. ஏமாற்றப்பட்ட ஐரிஸ் கடைக்குப் போய் எலி மருந்து கேட்கிறார். என்ன செய்யும் என்று விசாரிக்கிறார். கொல்லும் என்கிறார் கடைக்காரர். நல்லது என்று வாங்கிக்கொள்கிறார். நம்மிடம் இரக்கம் கேட்டு ஐரிஸ் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் ஒன்றும் இருக்கிறது. நம் தமிழைப்போலவே ஃபின்னிஷ் மொழியிலும் எழுத்துநடை வேறு, பேச்சுநடை வேறு. 'நான்' என்பதற்கு எழுத்தில் 'மினா'. ஹெல்சின்கி தெருப்பேச்சில் அது ஓரசையாகச் சுருங்கிவிடும். கௌரிஸ்மாகியின் கதாபாத்திரங்களோ குடிக்கடையிலும் 'மினா' என்கிறார்கள், அச்சடித்த புத்தகம்போலப் பேசுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த விறைப்பு சிரிப்பை வரவழைக்கும். கூடவே ஒரு மரியாதையும் வந்து சேரும்: படித்தவர்களின் மொழி என்று ஒதுக்கி வைத்திருந்ததைக் குப்பை அள்ளுபவர் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. 1952இல் வந்த 'பராசக்தி'யில் எல்லாவற்றையும் இழந்த குணசேகரன் நீதிமன்றத்தில் பேசியதும் தெருப்பேச்சு அல்ல. பின்னாளில் எத்தனையோ படங்களில் நாயகன் பொதுத்தமிழ் பேச, சேரியின் பேச்சு வேலைக்காரருக்கும் குடிகாரருக்கும் நகைச்சுவைக்கும் ஒதுக்கப்பட்டது. ஆகவே 'மெட்ராஸ்' (2014), 'பரியேறும் பெருமாள்' (2018) போன்ற படங்கள் அந்தந்த மண்ணின் பேச்சை நாயகனுக்கே கொடுத்தது முக்கியமான மீட்பு. கௌரிஸ்மாகி செய்வது வேறு வழியில் அதே வேலை. எழுத்துநடை உயர்ந்தது, பேச்சுநடை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. யார் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைப் பார்வையாளர் தீர்மானிக்க முடியாது என்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அசையாத கேமரா, பேசாத ஏழை, நீண்ட மௌனம் என்று எடுத்தாலே கலைப்படம் ஆகிவிடாது. வாயே திறக்காத ஏழையைச் சுவரில் மாட்டிய படம்போல ரசிப்பது இன்னொரு வகை ஆதிக்கம். மௌனமாக இருப்பவர் ஏதாவது முடிவெடுக்கிறாரா என்று பாருங்கள். 2023இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்ற 'ஃபாலன் லீவ்ஸ்' படத்தில் சூப்பர் மார்க்கெட் ஊழியரான அன்ஸா, குப்பைக்குப் போக வேண்டிய காலாவதியான உணவை எடுத்ததற்காக வேலையிழக்கிறார். தோழிகளும் தங்கள் பையைத் திறந்து காட்டிவிட்டு அவரோடு வெளியேறுகிறார்கள். முழக்கமும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. வெறும் முகத்தோடு ஒரு வேலைநிறுத்தம் நடந்து முடிகிறது.

நம் கதையைச் சொல்லும்போதெல்லாம் கண்ணீரைச் சான்றிதழாகக் கேட்கிறார்கள். அழத் தோன்றினால் அழலாம், அதில் குறைவில்லை. ஆனால் நம்புவதற்கு நிபந்தனையாக அதைக் கேட்கும்போது மறுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அன்று அந்தக் குழுவின் முன்னால் பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். தோற்றுவிட்டதாகவே நெடுநாள் நினைத்திருந்தேன். காலித்தைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருந்தேன். கேட்க வேண்டியது அவர்கள் வேலை.