1202 வெற்றிகளும் ஒரு ஓட்டும்

(இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இங்க வந்திருக்கிற இளைஞர்கள்ல பாதிப்பேர் சாயங்காலம் ஆனா வலை கட்டி வாலிபால் ஆடுறவங்கன்னு சொன்னாங்க. அதனால ஒரு வாலிபால் கோச்சைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். நம்ம ஊர்க்காரர் இல்ல. பசிபிக் கடலுக்கு நடுவே கிடக்கிற ஹவாய்த் தீவுகளில், ஹவாய்ப் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 42 வருஷம் கோச்சாக இருந்தவர். பேர் டேவ் ஷோஜி. 1975-ல் சேர்ந்தார், 2016 சீசன் வரை இருந்தார். 1202 ஆட்டம் ஜெயிச்சிருக்கிறார், 204 தோத்திருக்கிறார், ஒன்று சமன். நான்கு முறை தேசியச் சாம்பியன் பட்டம்: 1979, 1982, 1983, 1987.

இந்தக் கணக்கைச் சொன்னவுடனே என்ன சொல்லுவாங்க? 'மேதை, பிறவித் திறமை, உழைப்பால் உயர்ந்தவர்' என்பார்கள். விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு இதைத் தாண்டி வேறு சொல்லே கிடையாது. அவருக்குத் திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது, அதை மறுக்க நான் வரல. ஆனால் அவர் வந்து நின்ற அந்தக் களத்தை யார் போட்டது? அதைத்தான் இன்னிக்குப் பேசணும்.

முதலில் ஹவாய். அது தனி ராஜ்ஜியமாக இருந்த நாடு. 1893-ல் அங்கிருந்த ராணியைக் கரும்புத் தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா இணைத்துக்கொண்டது. கரும்பு வெட்ட சீனத்திலிருந்து, ஜப்பானிலிருந்து, போர்ச்சுக்கல்லிலிருந்து, பிலிப்பைன்ஸிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். இனம் பார்த்துக் கூலி, இனம் பார்த்துக் குடியிருப்பு. ஒருத்தன் வேலைநிறுத்தம் செய்தால் இன்னொரு இனத்தானை வைத்து உடைக்கிறது. இந்தத் தந்திரத்தை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தோட்டங்கள் நிறைந்த மாவீ தீவில், பையா என்ற ஊரில் 1927-ல் பிறந்தவர் பாட்ஸி மின்க். ஜப்பானிய வம்சாவளிப் பெண். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டார். எத்தனையோ மருத்துவக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டார். ஒன்றுகூட எடுக்கல. அப்புறம் சட்டம் படித்தார். படித்து முடித்தால் கல்யாணமான பெண், குழந்தை இருக்கிறது என்று வேலை தரமாட்டேன் என்கிறார்கள். சரி, நாமே சட்டம் போடுகிற இடத்துக்குப் போவோம் என்று அரசியலுக்கு வந்தார். 1964-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். வெள்ளையர் அல்லாத பெண்களில் அந்தச் சபைக்குள் காலடி வைத்த முதல் ஆள் அவர்தான்.

அவரும் எடித் கிரீன் என்ற உறுப்பினரும் முன்னின்று கொண்டுவந்ததுதான் 1972 ஜூன் 23-ஆம் தேதி கையெழுத்தான ஒன்பதாம் தலைப்புச் சட்டம். ஆங்கிலத்தில் மொத்தமே 37 வார்த்தை. அரசுப் பணம் வாங்குகிற எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்பதுதான் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனால் கல்லூரி விளையாட்டும் கல்வித் திட்டத்தில் ஒரு பகுதிதானே? அங்கேதான் பிடித்தது தீ. கால்பந்துக்காரர்கள் கத்தினார்கள். அவங்க கால்பந்து நம்ம கால்பந்து இல்ல, தோளில் கவசம் கட்டிக்கிட்டு முட்டிக்கிறது. அதில்தான் பணம் இருக்கு. பெண்களுக்குப் பங்கு கொடுத்தால் எல்லாம் அழிஞ்சுபோகும் என்று ஓலமிட்டார்கள். பங்கு கேட்டாலே அழிவு வந்துவிடும் என்கிற பேச்சு எல்லா நாட்டிலும் ஒரே ராகத்தில்தான் இருக்கிறது.

1975 ஜூலையில் விளையாட்டை இந்தச் சட்டத்திலிருந்து கழற்றிவிட ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு. பாட்ஸி மின்க் எதிர்த்து வாதாடப்போன நேரத்தில் செய்தி வருகிறது, நியூயார்க் மாநிலத்தில் படிக்கும் மகளுக்குக் கார் விபத்து என்று. தாய் என்ன செய்வாள்? சபையை விட்டு ஓடினார். திருத்தத்தை ஆதரித்து 212, எதிர்த்து 211. ஒரே ஒரு ஓட்டில் தோல்வி. மறுநாள் சபைத் தலைவர்கள் நடந்ததை எடுத்துச் சொல்லி மறு ஓட்டெடுப்பு கேட்டார்கள். 215-க்கு 178 என்று திருத்தம் விழுந்தது, சட்டம் பிழைத்தது. மகளும் பிழைத்துக்கொண்டாள்.

அதே 1975-ல்தான் டேவ் ஷோஜி கோச்சாகச் சேருகிறார்.

ஆனால் அவர் சேருவதற்கும் ஒருவர் வாசலைத் திறந்து வைத்திருக்கணும். அவர் பேர் டோனிஸ் தாம்ப்சன். சிகாகோவில் பிறந்த கறுப்பினப் பெண். ஓட்டப்பந்தயப் பயிற்சியாளராக 1961-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1972-ல் அங்கே பெண்கள் விளையாட்டுக்கு முதல் இயக்குநர் ஆனார். இயக்குநர் என்று பெரிய பேர்தான், கையில் இருந்த காசு சொற்பம். ஒன்பதாம் தலைப்புக்காக மின்க் பக்கம் நின்று உழைத்தவர்களில் இவரும் ஒருவர்.

தாம்ப்சன் ஒரு காரியம் செய்தார். அதை நான் ரொம்பப் பெரிய காரியமாக நினைக்கிறேன். அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டம் என்றால் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம். யாரும் காசு கொடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள், பெண்களும் நம்பினார்கள். தாம்ப்சன், இல்லை, டிக்கெட் போடு என்றார். கல்லூரி ஜிம் போதாது, நகரத்தின் பெரிய அரங்கத்தில் ஆட்டத்தை வை என்றார். இலவசமாகப் பார்க்கிறவனுக்கு அது பொழுதுபோக்கு. காசு கொடுத்தவன் 'என் டீம்' என்பான். ஜனம் காசு கொடுத்து வந்தது. டிக்கெட் வருமானத்தில் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்ட மிகச்சில பெண்கள் அணிகளில் ஒன்றாக இந்த அணி பின்னாளில் ஆனதற்கு விதை அந்த டிக்கெட்டுதான்.

இந்த தாம்ப்சன்தான் ஷோஜியை எடுத்தார். பகுதிநேர வேலை, பேருக்கு ஒரு சம்பளம். அப்போ அவருக்கு வயசு 28. கலிபோர்னியாவில் பிறந்தவர், சான்டா பார்பராவில் கல்லூரிக்காக ஆடியவர். அப்பா இரண்டாம் உலகப் போரில் 442-ஆவது படைப்பிரிவில் சண்டை போட்டவர். அது ஏறக்குறைய முழுக்க ஜப்பானிய அமெரிக்கர்களின் படை. வீட்டில் இருக்கிற ஜப்பானியரை, ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை, முள்வேலிக்குள் அடைத்துவிட்டு, அவர்கள் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்திய நாடு அது. அந்த அப்பாவுடைய பையன், ஒரு கறுப்பினப் பெண்ணிடம் வேலைக்குச் சேர்ந்து, பெண்கள் அணிக்கு கோச் ஆகிறான். வெள்ளை ஆண்கள் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த மூலை அது. அதனாலதான் அங்கே இடம் கிடைச்சது என்றும் சொல்லலாம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம், இல்லைன்னா தம்பிகள் எழுந்து போயிடுவாங்க.

ஹவாய் அணிக்கு இருந்த முதல் சிக்கல் தூரம். அமெரிக்க நிலப்பரப்பின் கரை சுமார் 3900 கிலோமீட்டர் தள்ளி. மற்றவர்கள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் ஆடிவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். இவர்கள் ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம் விமானத்தில் போகணும். பணமும் போகும், உடம்பும் போகும். அதனால் ஷோஜி பலமான அணிகளைத் தீவுக்கே வரவழைக்கிற வழியைப் பிடித்தார். வருகிற அணிக்கும் கடற்கரையைப் பார்க்கக் கசக்குமா? உள்ளூர் ஜனம் பெரிய பெரிய அணிகளை வாசல்லயே பார்த்தது. பெண்பிள்ளைகளும் பார்த்தார்கள். பார்த்த பிள்ளைகள் பந்தை எடுத்தார்கள்.

அவருடைய ஆட்ட முறை மணல்லேர்ந்து வந்தது. கடற்கரையில் ஆடிப் பழகியவர். மணல்ல இரண்டு பேர்தான், எகிறி அடிக்கிறவன் மட்டும் இருந்தா செல்லாது. பாஸ் சுத்தமா வரணும், விழுகிற பந்தை எடுக்கணும், எல்லாரும் எல்லாம் செய்யணும். உயரமான ஸ்மாஷர்களை மட்டும் நம்பாமல், பந்து தரையில விழாம பார்க்கிற ஆட்டத்தை அவர் வளர்த்தார்.

1982 இறுதி ஆட்டத்தைச் சொல்லணும். எதிரே தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம். முதல் இரண்டு செட்டும் போயிடுச்சு. அந்தக் காலத்து விதி உங்களில் மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: சர்வீஸ் போடுற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். எதிராளி சர்வீஸில் நீங்க பந்தை ஜெயிச்சா சர்வீஸ் மட்டும் மாறும், பாயிண்ட் வராது. அந்த விதியில் விட்டதைப் பிடிக்கிறது மலையேறுகிற மாதிரி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று மூன்று செட்டையும் வரிசையாக எடுத்தார்கள். அந்த அணியின் நடுநாயகம் டெய்ட்ரி காலின்ஸ், கறுப்பினப் பெண். அந்த ஆண்டு கல்லூரி வீராங்கனைகளுக்கான உயரிய விருதும் அவருக்கு வந்தது. 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் ஆடினார். பிறகு அவரே கல்லூரி அணிகளுக்கு கோச் ஆனார்.

1983-ல் மறுபடி பட்டம். 1987-ல் மறுபடி. 1994-ல், இரண்டாயிரம் பேர்கூடக் கொள்ளாத, புழுங்கிச் சாகிற பழைய ஜிம்மை விட்டு 10,300 பேர் உட்காரும் புது அரங்கத்துக்குப் போனார்கள். அதற்கப்புறம் பல வருஷம் நாட்டிலேயே பெண்கள் வாலிபாலுக்கு அதிகக் கூட்டம் சேர்ந்தது அந்தத் தீவில்தான்.

ஆனால் கவனியுங்கள் தோழர்களே. 1987-க்குப் பிறகு அவருக்குப் பட்டமே கிடைக்கல. 1988-ல் இறுதி ஆட்டத்தில் தோல்வி, 1996-ல் இறுதி ஆட்டத்தில் தோல்வி. 2002, 2003, 2009 என்று கடைசி நான்குக்குள் போய்ப் போய்த் திரும்பினார்கள். கோச் அதே கோச். கை அதே கை. திறமை 1987-ஓடு தீர்ந்துபோச்சா?

தீரவில்லை. மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஒன்பதாம் தலைப்பை ஏமாற்ற முடியாது என்று ஆனபிறகு, கால்பந்தில் கோடிகோடியாகச் சம்பாதிக்கிற பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் வாலிபாலிலும் பணத்தை இறக்கின. ஒரு அணிக்கு உதவித்தொகை 12 பேருக்குத்தான் என்று வெகுகாலம் வரம்பு இருந்தது. ஆனால் அரங்கம், விமானம், உதவிக் கோச்சுகள், சாப்பாடு இதுக்கெல்லாம் வரம்பு உண்டா? பெண்களை எவனும் மதிக்காதபோது மதித்த தீவு ஜெயித்தது. எல்லாரும் மதிக்க ஆரம்பித்ததும் பணக்காரன் ஜெயித்தான். 2023 ஆகஸ்டில் நெப்ராஸ்காவில் ஒரு பெண்கள் வாலிபால் ஆட்டத்தைக் கால்பந்து மைதானத்தில் வைத்து 92,003 பேர் பார்த்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். தாம்ப்சன் டிக்கெட் போடச் சொன்னபோது சிரித்தவர்களும் இருந்திருப்பாங்க என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கு, கொஞ்சம் கசக்கும். 1972-க்கு முன்னால் பெண்கள் அணிகளுக்குக் கோச்சாக இருந்தவர்களில் 90 சதத்துக்கு மேல் பெண்கள். சட்டம் வந்தது, பணம் வந்தது, சம்பளம் வந்தது. ஆண்கள் வந்தார்கள். 2014 வாக்கில் பெண் கோச்சுகள் சுமார் 43 சதம். பெண்கள் தங்களுக்கென்று 1971-ல் அமைத்து நடத்திய கல்லூரி விளையாட்டுச் சங்கமும் 1982-ல் மூடிப்போச்சு. ஆண்களின் சங்கம் போட்டிகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டதுதான் காரணம். ஷோஜியின் 1979 பட்டம் பெண்கள் சங்கம் நடத்திய போட்டியில் வென்றது. மற்ற மூன்றும் ஆண்களின் சங்கம் நடத்தியது. ஒரே கோச்சின் நான்கு கோப்பைக்குள் இந்த அதிகார மாற்றம் இருக்கிறது. காசில்லாத இடத்தில் நம்மைத் தலைவராக விட்டுவைப்பான், காசு வந்ததும் நாற்காலியைக் கேட்பான். ஷோஜி நல்ல மனுஷன், பெண்களை மதித்து வளர்த்தவர். ஆனால் அவரும் அந்தக் கணக்கில் ஒரு எண்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் அரைக் கதை சொன்னவனாவேன்.

2013 அக்டோபரில் 1107-ஆவது வெற்றியோடு, அதுவரை முதல்நிலைப் பெண்கள் அணிகளில் அதிகம் ஜெயித்த கோச் என்ற பேரை அவர் எடுத்தார். பின்னாளில் அதையும் இன்னொருவர் தாண்டினார். புற்றுநோய் வந்தது, 2017 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார்.

தாம்ப்சன் 2009-லேயே இறந்துவிட்டார். மின்க் 2002-ல் இறந்தார், இறந்த பிறகு அந்தச் சட்டத்துக்கு அவர் பேரையே வைத்தார்கள்.

ஷோஜியின் இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? ரோபின் ஆ மோ. ஹொனலூலுவில் பிறந்த பெண். 1996-ல் இறுதி ஆட்டத்தில் தோற்ற அந்த அணியின் செட்டர். மூன்று ஒலிம்பிக்கில் ஆடி, 2008-ல் வெள்ளி வாங்கியவர். சின்னப் பிள்ளையாக அந்தத் தீவில் வளர்ந்து, ஷோஜியிடம் பந்து எடுத்துக் கொடுக்கக் கற்று, இருபது வருஷம் கழித்து அதே பெஞ்சில் அவர் இடத்தில் உட்கார்ந்தார்.

நான் நிறுத்திக்கிறேன். கேள்வி இருந்தா கேளுங்க தோழர்களே. வெளிச்சம் போறதுக்குள்ள வலை கட்டணும்னு தம்பிகள் சொல்றாங்க, அதனால சுருக்கமா கேளுங்க. வலை கட்டும்போது தங்கச்சிகளுக்கும் ஒரு பக்கம் விடுங்க, காலையில இருந்து அவங்க ஓரமாத்தான் நிக்கிறாங்க.