இரண்டு கட்டைவிரல்கள்



கூடைப்பந்து நடுவருக்கு எது கடினமான முடிவு என்று கேட்டால், முரட்டு மோதல்களைத்தான் பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கோட்டோரத்தில் நழுவும் பந்து என்பேன். இருவர் பாய்கிறார்கள், இருவர் விரலும் பந்தின்மேல் இருக்கிறது, பந்து வெளியே விழுகிறது. "எங்க பால், சார்!" என்று இரண்டு அணியும் கை தூக்குகின்றன. விசில் ஊதியவருக்கோ கடைசியாக யார் கை பட்டது என்று உறுதியாகத் தெரியவில்லை. அப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தந்திருக்கும் நேரத்தில் இந்த ஒன்றை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் விசில் ஊதுவது பெரும்பாலும் வடசென்னையில்தான். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, அதையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழி, நடுவில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுவார்கள். கூரை கிடையாது, சிமெண்டுத் தரைதான். மாலையில் கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தால், நீளமாக வீசிய பாஸ் கடைசி இரண்டு அடியில் திசை மாறும். நிலக்கரித் தூசு படிந்து வெள்ளைக் கோடு சாம்பல் நிறமாகிவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன்பு நானும் கூட்டாளி நடுவரும் கோட்டின் மேலேயே ஒரு சுற்று நடப்போம். எங்கே மங்கியிருக்கிறது, எந்த மூலையில் விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று பார்த்துவைத்துக்கொள்வோம். தூசு அதிகமென்றால் ஈரத்துணி கேட்டு வாங்கித் துடைக்கச் சொல்வோம்.

கையில் காகிதம் இருந்தால் ஒரு நீள்சதுரம் போட்டுக்கொள்ளுங்கள். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் அகலக் கோடு. நம் ஊரில் வாலிபால் பார்த்துப் பழகியவர்கள் அதிகம். வாலிபாலில் பந்து கோட்டில் விழுந்தால் உள்ளேதான். கூடைப்பந்தில் அப்படியில்லை. கோடு ஆடுகளத்தைச் சேர்ந்தது அல்ல. கோட்டை மிதித்தாலே வெளியே போனதாகக் கணக்கு. ஆனால் பந்து கோட்டைத் தாண்டி அந்தரத்தில் இருக்கும்வரை அது வெளியே போகவில்லை. உள்ளிருந்து எம்பிக் குதித்தவர், தரையில் கால் படுமுன் அதை உள்ளே தட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். பார்வையாளர்கள் "அவுட், அவுட்" என்று கத்தும்போது நடுவர் விசிலைக் கடித்தபடி பேசாமல் நிற்பது இதனால்தான்.

ஆக, பந்து வெளியே போனதா என்பது ஒரு கேள்வி. அதைக் கண் இருந்தால் பார்த்துவிடலாம். கடைசியாகத் தொட்டது யார் என்பதுதான் இரண்டாவது கேள்வி. அங்கேதான் சிக்கல்.

வெளியே போன பந்து யாருக்கு என்ற கேள்வி கூடைப்பந்தின் வயதே உடையது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது எழுதியவை மொத்தம் 13 விதிகள். அதில் 9-ஆவது விதி வெளியே போகும் பந்தைப் பற்றியது. வெளியே போன பந்தை முதலில் யார் தொடுகிறாரோ அவருக்கே பந்து என்று எழுதினார் அவர். யோசித்துப் பாருங்கள், என்ன நடந்திருக்கும்? பந்து வெளியே போனதும் இரு அணியும் அதன் பின்னால் ஓடின. பார்வையாளர் மாடத்தில் போய் விழுந்தால் படிக்கட்டில் முட்டி மோதிக்கொண்டு ஏறினார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான், கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்குப் பந்து என்று விதி மாறியது. அதற்குள் சில இடங்களில் பந்து வெளியே போகவே வழியில்லாமல் கோர்ட்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டிவிட்டார்கள்.

ஆனால் அதே 9-ஆவது விதியில் இன்னொரு வரி இருக்கிறது. எனக்கு அந்த வரி உயிர். யார் பந்து என்று தகராறு வந்தால் நடுவரே பந்தை நேராக ஆடுகளத்துக்குள் எறிந்துவிட வேண்டும் என்று நெய்ஸ்மித் சொல்லியிருக்கிறார். ஒரு ஆட்டத்தை உருவாக்கும் மனிதர், முதல் நாளிலேயே, நடுவருக்குத் தெரியாமல் போகும் நேரம் ஒன்று வரும் என்று கணக்கில் வைத்து அதற்கு ஒரு வழியும் எழுதிவைத்திருக்கிறார். வெளியிலிருந்து பந்தை உள்ளே போட 5 விநாடி என்று அவர் வைத்த அளவு இன்றும் அப்படியே இருக்கிறது.

இனி இன்றைய கோர்ட்டுக்கு வருவோம். எங்கள் பக்கத்து ஆட்டங்களில் இரண்டு நடுவர்கள்தான். தாக்குதலுக்கு முன்னே ஓடிக் கூடைக்குக் கீழே நிற்பவர் லீட். பின்னால் வருபவர் டிரெயில். கூடைக்குப் பின்னாலுள்ள எண்ட் லைன் லீடுக்குச் சொந்தம். பக்கக்கோடுகளில், அவரவர் இடக்கைப் பக்கத்துக் கோடு அவரவருக்கு. யாருடைய கோடோ அவர்தான் விசில் ஊதுவார். ஊதியதும் விரல் சேர்த்த கையை உயர்த்துவார், கடிகாரம் நிற்கும். பிறகுதான் பந்து யாருக்கு என்று கை காட்ட வேண்டும்.

அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, நேயர்களே. ஒரு மூச்சு விடும் நேரம். நல்ல நடுவரை அங்கேதான் பார்க்கலாம். தெளிவாகப் பார்த்திருந்தால் உடனே கை காட்டிவிடுவார். இல்லையென்றால் கூட்டாளியின் முகத்தைப் பார்ப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து அவருக்கு விரல்கள் தெரிந்திருக்கலாம், எனக்கு முதுகுதான் தெரிந்திருக்கும். அவர் மார்புக்கு நேரே சின்னதாகக் கையை அசைத்து ஒரு திசை காட்டுவார். அதை ஏற்றுக்கொண்டு நான் முடிவைச் சொல்வேன். இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே பேசிவைத்திருப்போம். பேசாமல் போனால் ஒருவர் இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் கை காட்டிவிடுவார்கள். அப்புறம் அரங்கமே நடுவர் வேலை பார்க்க ஆரம்பித்துவிடும்.

பக்கத்தில் இருந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. பந்துக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிகிற கோணம் கிடைத்தால், பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் போதும். அது கிடைக்காவிட்டால் இரண்டடியில் நின்றும் பயனில்லை. புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, பந்தின் பின்னாலேயே கண்ணை ஓடவிடாதே, பந்தைத் தட்ட வருபவனின் கையைப் பார் என்பதுதான். பந்தின் சுழற்சி திடீரென்று மாறினால் ஒரு விரல் பட்டிருக்கிறது. சத்தமும் உதவும், காற்று விட்டால்.

இங்கே எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. ஆட்டக்காரர்களின் முகத்தை வைத்து முடிவு செய்யலாம் என்பார்கள் சில மூத்தவர்கள். தொட்டவன் தலைகுனிந்து தடுப்பாட்டத்துக்குத் திரும்பிவிடுவான், தொடாதவன்தான் கத்துவான் என்பது அவர்கள் கணக்கு. நான் அதை ஏற்கமாட்டேன். நன்றாகக் கத்தத் தெரிந்தவனுக்குப் பந்தைக் கொடுப்பதில் போய் அது முடியும். அமைதியான சுபாவக்காரன் ஒவ்வொரு முறையும் தோற்பான்.

ஆனால் தன் அணிக்கு எதிராக ஒருவன் சொன்னால் அது வேறு. ஒருமுறை காட்டுப்பள்ளிப் பக்கம் விளக்கொளியில் ஓர் ஆட்டம். சரக்கு ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பி. பந்து வெளியே போனது, எனக்குத் தெரியவில்லை, கூட்டாளிக்கும் தெரியவில்லை. நான் முடிவைச் சொல்ல வாய் திறக்குமுன் அவன் அருகில் வந்து, "சார், என் சுண்டுவிரல்ல பட்டுச்சு" என்றான். அவனுடைய கேப்டன் அவனை முறைத்தான். எதிரணிக்குப் பந்தைக் கொடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கேப்டனே அவன் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனதைப் பார்த்தேன். இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆடுகிற இடத்தில் விசில் ஊதுவது எனக்குப் பெருமை.

சரி, எவருக்குமே தெரியவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அப்போது நடுவர் இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்துவார். ஜம்ப் பால் என்று பொருள். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப் புத்தகம் தெளிவாகவே சொல்கிறது: கடைசியாகத் தொட்டது யார் என்பதில் நடுவர்களுக்குச் சந்தேகம் இருந்தாலும், அவர்களுக்குள் கருத்து வேறுபட்டாலும், அது ஜம்ப் பால். முன்பெல்லாம் உண்மையிலேயே இருவரை நிறுத்தி நடுவில் பந்தைத் தூக்கிப் போடுவார்கள். அமெரிக்காவின் என்பிஏ ஆட்டங்களில் இன்றும் அப்படித்தான். அதில் உயரமானவனுக்கே லாபம். ஃபீபாவின் ஆட்டங்களில் இப்போது தூக்கிப் போடுவது தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான். அதில் பந்து கைக்கு வராத அணிக்கு முதல் உரிமை, அடுத்த முறை மற்ற அணிக்கு, இப்படி மாறி மாறி. ஸ்கோரர் மேசையில் ஒரு சிவப்பு அம்பு அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆட்டங்களில் அட்டையில் வெட்டிய அம்புதான். அதை மறக்காமல் திருப்பிவைக்கும் மேசைப் பணியாளரை யாரும் கவனிப்பதில்லை. நான் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

கேமரா வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபீபாவின் பெரிய போட்டிகளில் கடைசிக் கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களிலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடங்களிலும் நடுவர்கள் வெளியே போன பந்தைத் திரையில் பார்க்கலாம். 2022 முதல் பயிற்சியாளரும் ஆட்டத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம். நல்லதுதான். ஆனால் 2014 மே மாதம் ஓக்லஹோமா சிட்டியில் நடந்ததைக் கேளுங்கள். என்பிஏ அரையிறுதிக்கு முந்தைய சுற்றுத் தொடரின் 5-ஆவது ஆட்டம். கிளிப்பர்ஸ் அணி 2 புள்ளி முன்னிலை, மிச்சம் 11 விநாடி. பந்து வெளியே போனது. நடுவர்கள் எதிரணியான தண்டருக்குக் கொடுத்துவிட்டுத் திரையில் பார்த்தார்கள். முடிவை மாற்றும் அளவுக்குத் தெளிவான காட்சி இல்லை என்று தலைமை நடுவர் சொன்னார். முதல் தீர்ப்பே நின்றது. தண்டர் 105-104 என்று வென்றது. அத்தனை கேமரா இருந்தும் ஒரு விரல் நுனி நடுவர்களுக்குப் பிடிபடவில்லை. முதலில் கோர்ட்டில் நின்ற மனிதன் சொன்னதுதான் கடைசிவரை நின்றது.

 நேரம் முடியப்போகிறது. கோடு வெளியைச் சேர்ந்தது, அந்தரத்தில் இருக்கும் பந்து இன்னும் வெளியே போகவில்லை, தெரியாதபோது கட்டைவிரல். இந்த மூன்றும் நினைவிருந்தால் போதும். கோடைக்காலத்தில் பெரியகுளத்தில் திறந்தவெளியில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கோ, உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கோ போனால், கூடைக்குப் பின்னால் உட்காராதீர்கள். ஸ்கோரர் மேசைக்கு எதிரே, கோட்டோரமாக உட்காருங்கள். கட்டைவிரல்கள் உயரும்போது கூச்சல் போடாமல் அம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருவராவது விசிலைக் கையில் எடுக்கட்டும், எங்களுக்கு ஆள் போதவில்லை.