வாசல் தோட்டத்துக்கு என்ன செலவாகும்?



புதுச்சேரியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் சிறு தோட்டம். மண் இறுகிவிட்டது. செடிகள் வாடிவிட்டன. தோட்டத்தைச் சீராக்கக் கணவனும் மனைவியும் நினைத்தார்கள்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "ஒரு யூனிட் செம்மண் வேண்டும். கூலியோடு 9,000 ரூபாய் ஆகும்" என்றார். கணவர் சரி என்று சொல்லப் போனார்.

"பொறுங்க, அளந்து பார்க்கலாம்" என்றார் மனைவி.

நீளம் 10 அடி. அகலம் 8 அடி. பெருக்கினால் 80 சதுர அடி. அரை அடி உயரத்துக்கு மண் போட 40 கன அடி போதும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மீதி 60 கன அடி மண் எதற்கு?

அந்த அம்மா ஒரு தாளில் எழுதினார்: மண், எரு, வண்டி வாடகை, ஆள் கூலி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேட்டார். எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்துக்கொண்டார்.

மேஸ்திரி தாளைப் பார்த்தார். "அரை யூனிட்டே போதும் அம்மா" என்றார்.

பழைய மண்ணும் வீண் இல்லை. அதைக் கொத்தி, மக்கிய எருவைக் கலந்தால் இளகும். கொத்தும் வேலையை இருவரும் தாங்களே செய்தார்கள். கூலி குறைந்தது. பக்கத்து வீட்டில் செம்பருத்திக் குச்சி வாங்கி நட்டார்கள். அதற்குச் செலவே இல்லை.

நண்பர்களே, மொத்தத் தொகையை மட்டும் கேட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். படித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கற்ற கணக்கு கைப்பணத்தைக் காக்கும்.