பறக்கப் பயந்தவனின் பயணத் திட்டம்

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்கு நல்லா தெரிஞ்ச விஷயத்தைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று அஸ்திவாரம். மற்றொன்று விமானப் பயம். அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசினால் சிவில் துறைக்காரர்களைத் தவிர மற்றவர்கள் கேன்டீனுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

"இன்ஜினியரிங் படிச்சவனுக்கு விமானப் பயமா?" என்று இங்கே சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், தப்பில்லை. விமானம் எப்படிப் பறக்கிறது என்பது எனக்குத் தெரியும். 1995-ல் போயிங் 777 விமானத்தின் இறக்கையை வளைத்து வளைத்துச் சோதித்தார்கள். வானத்தில் அது சந்திக்கக்கூடிய அதிகபட்ச சுமையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலே, 154 சதவீதத்தில்தான் அது முறிந்தது. முறிவதற்கு முன்னால் இறக்கையின் நுனி 7 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. அந்த ஒன்றரை நமக்குப் புதிதா என்ன? ஐ.எஸ். 456-ல் சுமைக்கு நாம் பெருக்கும் அதே 1.5 தானே!

2001-ல் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஒரு விமானத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜின்களும் நின்றுவிட்டன. சுமார் 120 கிலோமீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டே வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதில் இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் கதவைச் சாத்தியதும் உள்ளங்கை வேர்ப்பது நிற்பதில்லை. பயம் புள்ளிவிவரம் படிப்பதில்லை, ஐயா. அது வேறு துறை.

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் நடந்த விபத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் உயிர் பிழைத்தார். அந்த வாரம் எனக்கு மட்டுமல்ல, அடிக்கடி பறக்கிற என் நண்பர்களுக்கும் தூக்கம் வரவில்லை. ஆக, இது ஏதோ ஒருவருடைய கோளாறு இல்லை. சிலருக்கு மூடிய இடம் ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு உயரம். சிலருக்கு, ஸ்டியரிங் நம் கையில் இல்லையே என்ற தவிப்பு. எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான்: விமானப் பயம்.

இந்தக் கட்சியில் பெரிய மனிதர்களும் உண்டு. ஐசக் அசிமோவ் தம் கதைகளில் மனிதனை விண்மீன் மண்டலங்களுக்கு அனுப்பினார். தாம் மட்டும் ரயிலிலும் கப்பலிலும் போனார். நெதர்லாந்து கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்காம்ப் வெளிநாட்டு ஆட்டங்கள் சிலவற்றை விட்டாரே தவிர விமானம் ஏறவில்லை. திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் விமானம் ஓட்டும் உரிமம் வாங்கியவர். அப்படியும் பிற்காலத்தில் பறக்க மறுத்துவிட்டார். 1987-ல் வெளிவந்த அவருடைய வியட்நாம் போர்ப் படத்துக்கு லண்டனில் ஒரு பழைய எரிவாயு ஆலையையே வியட்நாம் நகரமாக மாற்றினார். பனைமரங்களை ஸ்பெயினிலிருந்து வரவழைத்தார்! நமக்கு அந்த வசதி இல்லை. நாம் திட்டம்தான் போட வேண்டும்.

இங்கேதான் நம் கல்லூரி எனக்குக் கைகொடுத்தது. கரிசல் மண்ணில் கட்டடம் கட்டுவது எப்படி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். அதற்காக இன்ஜினியர் மண்ணைத் திட்டுவதில்லை. "நீ ஏன் செம்மண்ணாக இல்லை?" என்று கேட்பதில்லை. மண்ணைப் பரிசோதிக்கிறார், ஆழத்தில் குமிழ் வைத்த பைல் இறக்குகிறார், மேலே வீடு நிற்கிறது. பயமும் அப்படி ஒரு மண்தான். அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அதை ஒரு கண்டிஷனாக எடுத்துக்கொண்டு டிசைன் செய்ய வேண்டும்.

விடுமுறைத் திட்டத்துக்கு நான் வைத்திருக்கும் விதிகளைச் சொல்கிறேன்.

முதல் விதி: விமானத்துக்குப் பயந்து இரவில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது அரசாங்கக் கணக்கு. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பலர் விமானத்தை விட்டுக் காருக்கு மாறினார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் சாலையில் இறந்ததாக கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் கணக்கிட்டார். பயத்துக்கு மாற்று ரயிலாக இருக்கட்டும், கப்பலாக இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் காராக இருக்க வேண்டாம்.

இரண்டாம் விதி: போகிற நாளும் விடுமுறைதான். பத்து நாள் லீவில் நான்கு நாள் ரயிலிலேயே போகிறதே என்று புலம்பினால் ஆறு நாள்தான் மிச்சம். ரயிலையும் சேர்த்து ரசித்தால் பத்து நாளும் உங்களுடையது. கொங்கண் ரயில் பாதையில் பகலில் ஒரு முறை போய்ப் பாருங்கள். 1998-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட பாதை. சுமார் 740 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தாண்டியும் போகிறது. சிவில் மாணவர்களுக்கு அது விடுமுறை இல்லை, பிராக்டிகல் வகுப்பு.

மூன்றாம் விதி: நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. முன்பு அது 120 நாள். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால்தான் கீழ் பெர்த் கிடைக்கும். பல ஊர் சுற்றுவதென்றால், புறப்பட்ட ஊரிலேயே முடிகிற மாதிரி சுற்றுப் பயண டிக்கெட் என்று ஒன்று ரயில்வேயில் இருக்கிறது. வழியில் எட்டு இடம் வரை இறங்கிக்கொள்ளலாம். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் குறையும். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

நான்காம் விதி: கடைசி நாளை வெறுமையாக விடுங்கள். கப்பல் தாமதமாகும், ரயில் தாமதமாகும். திங்கட்கிழமை ஆபீஸ் என்றால் சனிக்கிழமையே ஊர் வந்து சேருகிற மாதிரி திட்டம் இருக்கட்டும்.

எங்கே போகலாம்? காஷ்மீருக்கே போகலாம். கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி கட்ராவுக்குப் போகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் மாதம் ரயில் தொடங்கியது. சுமார் மூன்று மணி நேரப் பயணம். வழியில் செனாப் பாலம், ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். ஈபிள் கோபுரத்தைவிட உயரம். "அங்க பயமா இருக்காதா?" என்று கேட்பீர்கள். இருக்காது. பாலத்தின் கால் தரையில் ஊன்றியிருக்கிறதே!

வெளிநாடு வேண்டுமா? பூடானுக்கு மேற்கு வங்காளத்தின் ஹாசிமாராவில் இறங்கி ஃபுன்ட்ஷோலிங் வழியாகப் போகலாம். நமக்கு விசா வேண்டாம், அனுமதிச் சீட்டு போதும். ஆனால் இரவு ஒன்றுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு, அதையும் பட்ஜெட்டில் போடுங்கள். நேபாளத்துக்கு கோரக்பூர் வழி. இலங்கைக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரம். பருவமழைக் காலத்தில் நிறுத்துவதுண்டு, விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஐந்தாம் விதிதான் முக்கியம்: உங்கள் பயத்துக்கு வீட்டில் இருப்பவர்களைக் காவலுக்கு வைக்காதீர்கள். அந்தமான் போக வேண்டும் என்று என் மனைவிக்கு ரொம்ப நாள் ஆசை. சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். குழந்தைக்குக் கடல் ஒத்துக்குமோ ஒத்துக்காதோ என்று யோசனை. கடைசியில் அவரே சொன்னார்: "நீங்க கப்பல்ல வாங்க. நானும் பாப்பாவும் பிளைட்ல வந்துடறோம்." அப்படியே செய்தோம். நான் முந்திக் கிளம்பினேன், அவர்கள் பிந்திக் கிளம்பினார்கள். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரில் ஹாடோ துறையில் கப்பல் ஒதுங்கியபோது இரண்டு பேரும் கையாட்டிக்கொண்டு நின்றார்கள். "அப்பா மெதுவா வந்தாரு" என்று பாப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டது. சொல்லட்டுமே! அந்தமானைப் பார்த்தாயிற்றே.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது.

என் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். வருகிற தை மாதம் அவள் குழந்தைக்குக் காது குத்து. அவள் மாமியார் பயணம் செய்யும் நிலையில் இல்லை. அதனால் விழா அங்கேயே, அங்குள்ள கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது நம் வழக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரே அண்ணன். "முடியலைன்னா பரவாயில்லண்ணா, இவங்க பக்கத்து ஆளுங்க யாராவது உட்காரட்டும்" என்றாள் போனில். பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் 'பரவாயில்ல' இருக்கிறதே, அதைத் தாங்குகிற பைல் என்னிடம் இல்லை.

நம் தாத்தாக்கள் காலத்தில் சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் சிங்கப்பூருக்குக் கப்பல் இருந்தது. எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. பர்மா வழியாகத் தரையில் போவது நடக்கிற காரியமில்லை. இந்த இடத்தில் எந்த டிசைனும் எடுபடவில்லை. அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? அதையும் நம் பாடத்தில் சொல்லியிருக்கிறார்கள். மண்ணைச் சுற்றிப் போக முடியாவிட்டால் மண்ணையே பலப்படுத்து!

ஆறு மாதமாக ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன். அங்கே மந்திரம் எதுவும் இல்லை. பயத்தைப் படிக்கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு படியாக ஏற வைக்கிறார்கள். முதல் படி, விமான நிலையத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பது. அடுத்தது, சத்தங்களைத் தெரிந்துகொள்வது. மேலே கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜின் சத்தம் குறையும். என்னைப் போன்றவர்கள் "போச்சுடா, நின்னுடுச்சு" என்று நினைப்போம். விமானி வேண்டுமென்றே விசையைக் குறைக்கிறார், அவ்வளவுதான். ஏர்பஸ் 320-ல் தரையில் நிற்கும்போது கீழே நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வரும். அது ஹைட்ராலிக் சாதனம், மெக்கானிக்கல் துறை நண்பர்கள் விளக்குவார்கள். காலை விமானத்தில் குலுக்கல் குறைவு, வெயில் ஏறினால் காற்று கொதிக்கும். இறக்கைக்குப் பக்கத்து இருக்கை நல்லது, ஈர்ப்பு மையத்துக்கு அருகில் ஆட்டம் குறைவு. தைரியத்துக்கு ஒரு கிளாஸ் போடலாமே என்று யோசனை சொல்லும் நண்பர்களை மட்டும் கேட்க வேண்டாம். மது பயத்தைத் தள்ளிப் போடும், தீர்க்காது.

சென்ற மாதம் திருச்சியிலிருந்து சென்னைக்குக் காலை விமானத்தில் போனேன். இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பயம் போயிற்றா? இல்லை. கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது. ஆனால் இந்த முறை பயமும் வந்தது, சென்னையும் வந்தது. பயம் இருந்தாலும் போய்ச் சேர முடியும் என்பதை இதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சுமார் நான்கு மணி நேரம். போய்விடுவேனா என்று கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். போக வேண்டும் என்று இருக்கிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலருக்கு விமானம் பயம், சிலருக்கு மேடை பயம், சிலருக்கு இன்டர்வியூ பயம். அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் திட்டம் போட முடியும். முடிந்த மட்டும் அதைச் சுற்றி வழி போடுங்கள். சுற்றுவழி இல்லாத இடத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு நேராக நடங்கள். எது எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். வேண்டியவர்கள் யாரோ காத்திருக்கும் இடம்தான் அது.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள். கொங்கண் பாதையில் எந்த ஜன்னல் ஓரம் நல்லது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.