நோயை அளக்கும் மரக்கால் யார் கையில்?

(நெய்வேலி நகரியத்தில் சங்கத் தோழர்களிடையே நிகழ்த்திய உரை)





மருத்துவ ஆய்வுகளில் நோயின் பெயரைக் கம்ப்யூட்டரில் எப்படி எழுதி வைக்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று பேச இருக்கிறோம். "இது டாக்டர்கள் பாடு, கம்ப்யூட்டர்காரர்கள் பாடு, இதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று வாசலிலேயே ஒரு தோழர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அவரைத் திருப்பிக் கேட்கிறோம்: மரக்காலில் சங்கத்துக்கு என்ன வேலை இருந்தது?

தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிலச்சுவான்தார் நெல் அளந்து வாங்க ஒரு மரக்கால். பண்ணையாளுக்குக் கூலி அளந்து போட வேறொரு மரக்கால். இரண்டுக்கும் ஒரே பெயர். வாங்குகிறது பெரிசு, கொடுக்கிறது சின்னது. கணக்குப்பிள்ளையின் நோட்டைப் புரட்டினால் வித்தியாசம் தெரியாது. அங்கே 'ஒரு மரக்கால்' என்றுதான் எழுதியிருக்கும். பண்ணையாளின் வீட்டு அடுப்பைப் பார்த்தால்தான் தெரியும். 1940-களில் கீழத் தஞ்சையில் விவசாய சங்கம் வளர்ந்தபோது, 'முத்திரை மரக்காலில் அள' என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கூலியை உயர்த்து என்று கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்ததோ, அளவை ஒன்றாக்கு என்று கேட்பதற்கும் அவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது.

பஞ்சாலைத் தோழர்களுக்கு வேறு உதாரணம் சொல்லலாம். 40-ஆம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்து ஒரு ராத்தல் எடை. கோவையிலும் அதுதான், ராஜபாளையத்திலும் அதுதான், மான்செஸ்டரிலும் அதுதான். 'மெல்லிசு நூல்' என்று எழுதி அனுப்பினால் எந்த வியாபாரியாவது ஒப்புக்கொள்வானா? சரக்குக்கு இவ்வளவு கறாராகப் பெயர் வைத்த உலகம், அந்தச் சரக்கைச் செய்தவனுடைய நெஞ்சுக்குள் இருக்கும் நோய்க்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு பெயரை எழுதுகிறது?

இங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்கல். ஜெர்மன் யந்திரத்தின் எஃகுப் பற்களையே தேய்த்துவிடும் கல் அது. அந்தக் கல்லின் தூசி மனித நெஞ்சில் என்ன செய்கிறது என்பது ஆராய்ந்து சொல்ல வேண்டிய விஷயம். மேடையில் நின்று அடித்துச் சொல்கிற விஷயமல்ல. ஆராய வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும். எண்ண வேண்டுமானால் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்கோ ஒரு சுரங்கத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்வோம். இருமல், இளைப்பு. ஓர் ஆஸ்பத்திரியில் 'ஆஸ்துமா' என்று எழுதுகிறார்கள். அடுத்த வருஷம் வேறிடத்தில் 'காசநோய்' என்று மாத்திரை கொடுக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் 'நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி' என்று சீட்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியல் பத்தாம் பதிப்பில் இவற்றுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. ஆஸ்துமா ஜே45. நாள்பட்ட அழற்சி ஜே42. அதே பட்டியலில் சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ஜே62 என்றும், நிலக்கரித் தொழிலாளியின் தூசி நோய்க்கு ஜே60 என்றும், தூசி நோயும் காசநோயும் சேர்ந்து வந்தால் அதற்கென்றே ஜே65 என்றும் எண் இருக்கிறது. ஆம் தோழர்களே, இரண்டும் சேர்ந்து வரும் என்பது உலகத்துக்கு எப்போதோ தெரியும்! ஆனால் வெறும் காசநோய் என்று எழுதிவிட்டால் கிருமி மட்டும் கணக்கில் ஏறுகிறது. தூசி கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. தூசி மறைந்தால் அதைக் கிளப்பிய வேலையும் மறைந்துவிடுகிறது.

இதில் நஷ்டஈடு அடங்கியிருக்கிறது. சில நோய்களைப் பெயர் சொல்லி அறிவித்து, அவை வந்தால் சர்க்காருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் 25-வது பிரிவு விதித்தது. சிலிக்கோசிஸ் அதில் ஒன்று. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இப்படி ஒரு நோய்ப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் ஒரு மூன்றாம் அட்டவணை இருந்தது. பட்டியலில் உள்ள பெயர் சீட்டில் விழுந்தால்தான் இப்படிப்பட்ட சட்டங்கள் அசையும்.

பெயரையும் அளவையும் முன்கூட்டியே தீர்த்து வைத்துக்கொண்டு நடத்திய ஆய்வு ஏழை மக்களுக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. நெய்வேலிக் கார்ப்பரேஷன் பதிவான அதே 1956-ஆம் வருஷத்தில், சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக இருப்பது அதுதான். சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவு கொடுத்தால்தான் காசநோய் தீரும் என்பது அந்நாளைய நம்பிக்கை. படுக்கைக்கு எங்கே போவான் ஏழை? நோயாளிகளில் ஒரு பாதிக்குக் குடிசையிலேயே மருந்து, மறு பாதிக்குச் சானடோரியத்தில் அதே மருந்து என்று பிரித்துப் பார்த்தார்கள். 'குணம்' என்றால் என்ன என்று முதலிலேயே வரையறுத்து வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவருக்கு, அது குடிசைக்காரன் படமா சானடோரியத்துக்காரன் படமா என்று தெரியாது. 1959-ல் முடிவு வெளியாயிற்று: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல. ஏழை நாடுகளின் காசநோய் வைத்தியத்தையே அது மாற்றியது. 'குணம்' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டிருந்தால் அந்த முடிவை யார் நம்பியிருப்பார்கள்?

அன்றைக்குக் காகிதமும் பெட்டியும். இன்றைக்குக் கம்ப்யூட்டர். அதற்கு வேலை சொல்லும் கட்டளைத் தொகுதிதான் மென்பொருள். கம்பெனி மென்பொருளின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவர்கூடப் பார்க்க முடியாது. திறந்த மென்பொருள் அப்படியல்ல: எவரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 2004-ல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் இந்த வகை. கென்யாவின் எல்டோரட் நகரத்தில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனிக்கப் பிறந்தது அது. அதை வைத்துக் கட்டிய பாம்னி என்ற மென்பொருள் முதலில் வேலைக்கு இறங்கிய இடம், சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் ஏழைகளின் ஆஸ்பத்திரி.

இதன் உள்ளே ஒரு சொற்களஞ்சியம் இருக்கிறது. நம் ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'பல்' என்பார், ஒருவர் 'டூத்' என்பார். சீட்டில் பாக எண் ஒன்றுதான். அதுபோலவே ஒரு நோய்க்கு உள்ளே ஓர் எண். அந்த எண்ணின்மேல் எத்தனை பாஷையில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் ஏற்றலாம். உலகப் பட்டியலில் அதற்கு என்ன எண் என்பதையும் பக்கத்திலேயே கோத்து வைக்கலாம். ஒரே பாஷையில் இரண்டு நோய்க்கு ஒரே முழுப்பெயர் வைக்க மென்பொருள் விடாது.

எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு பெயர் பழசாகிவிட்டால் அதை அழிப்பதில்லை. காரணம் எழுதி, ஓய்வு கொடுத்து வைக்கிறார்கள். ஏன்? அந்தப் பெயரின்கீழ் ஏற்கெனவே ஆயிரம் நோயாளிகளின் பதிவு தொங்கிக்கொண்டிருக்கலாம். பெயரின் பொருளை இடையில் மாற்றினால், நேற்று எழுதியதெல்லாம் இன்று வேறு அர்த்தம் கொள்ளும். பெரிய மரக்காலால் அளந்ததை, சின்ன மரக்காலால் அளந்ததாக எழுதுவது போலத்தான்! யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடமும் கூடவே கிடக்க வேண்டும். நல்ல ஆய்வு மென்பொருளுக்கு இதுதான் இலக்கணம்.

ஓப்பன்கிளினிகா என்று ஆய்வுகளுக்கென்றே ஒரு மென்பொருள். அதன் மூன்றாம் பதிப்பு திறந்த உரிமத்தில் வந்தது. பிறகு கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு புதுப் பதிப்பை வேறு வழியில் கொண்டுபோயிற்று. ஆனால் திறந்து கொடுத்ததைத் திரும்பப் பறிக்க முடியாதே! பழைய பதிப்பை எடுத்து, லிப்ரிகிளினிகா என்ற பெயரில் வேறு கைகள் வளர்த்தன.

ஆனால் மென்பொருள் திறந்ததாக இருந்தால் மட்டும் போதாது. அகராதி யாருடையது என்றும் கேட்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியல் காசில்லாமல் கிடைக்கும். 2022 ஜனவரி முதல் பதினோராம் பதிப்பு நடப்புக்கு வந்தது. ஸ்நோமெட் என்ற பெரிய அகராதி, 2014-ல் இந்தியா உறுப்பு நாடானதால், புனேயில் உள்ள சி-டாக் மையத்தின் மூலம் இங்கே இலவசம். மருந்துக் கம்பெனிகள் பக்கவிளைவுகளை எழுதப் பயன்படுத்தும் மெட்ரா அகராதி அப்படியல்ல. கம்பெனிகள் சந்தா கட்டித்தான் எடுக்க வேண்டும். அதைத் திறந்த மென்பொருளோடு சேர்த்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட முடியாது. ஏர் நம்முடையது, கொழு வாடகைக்கு என்பது போன்ற நிலைமை.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு திறந்த மென்பொருளானாலும், கேள்வித்தாளில் எந்தப் பெயர்களை வைப்பது என்று தீர்மானிப்பவர் ஒரு மனிதர். அவர் பட்டியலில் ஜே62-ஐ வைக்காவிட்டால், பதிவு செய்யும் பெண் என்ன செய்வார்? 'மற்றவை' என்பதை அழுத்திவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அந்த 'மற்றவை' இருக்கிறதே, எத்தனையோ தொழிலாளிகளின் நோயைப் புதைத்த குழி அது. தொழில் என்ற கட்டத்திலும் இதே கதை. கன்வேயர் அடியில் கொட்டியதை வாரும் தோழரும், சாம்பல் அள்ளும் தோழரும், முந்திரித் தோப்பில் மருந்தடிக்கும் தோழரும் 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடைக்கப்படுகிறார்கள். சர்க்காரே 2015-ல் வெளியிட்ட தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எட்டு இலக்க எண் இருக்கிறது. அதை ஏன் கேட்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும்.

கடைசியாக, நம் பாஷை. 'இளைப்பு' என்று நம் தோழர் சொல்கிறார். மூச்சு வாங்குகிறது என்று பொருள். பட்டணத்திலிருந்து வந்த பிள்ளை, உடம்பு இளைத்துவிட்டது என்று புரிந்துகொண்டு 'எடை குறைவு' என்று அழுத்தினால்? 'மயக்கம்' என்கிறார் மருந்தடித்துவிட்டு வந்த விவசாயத் தொழிலாளி. தலை சுற்றலா, நினைவு தப்பியதா? இரண்டும் வேறு வேறு எண். 'நெஞ்சடைப்பு' என்கிறார் பஞ்சாலைத் தோழர். மாரடைப்பு என்று எழுதிவிடப் போகிறார்கள்! பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய்க்கு, ஜே66.0, அதுதான் முதல் அடையாளம். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். இங்கிலாந்தில் ஷில்லிங் என்ற டாக்டர் 1950-களில் அதைத் தரம் பிரித்தார்: முதல் நாள் மட்டும் எப்போதாவது இறுகினால் அரை, ஒவ்வொரு முதல் நாளும் என்றால் ஒன்று, மற்ற நாட்களிலும் என்றால் இரண்டு. அங்கே ஞாயிறு லீவு, ஆகவே 'திங்கட்கிழமை' என்று கேட்டார்கள். நம் மில்லில் வார லீவு ஷிப்டுக்கு ஷிப்டு மாறுமானால், 'திங்கட்கிழமை இறுகுகிறதா?' என்ற கேள்வியை அப்படியே தமிழில் பெயர்த்து என்ன பிரயோசனம்? வியாழக்கிழமை இறுகுகிறவர் 'இல்லை' என்பார். நோய் இல்லை என்று கணக்கு முடியும்.

ஆகவே தொழிலாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே ஒரு கட்டத்தில் எழுது. அகராதிச் சொல்லைப் பக்கத்துக் கட்டத்தில் எழுது. முதலாவதை ஒருநாளும் அழிக்காதே. ஒழுங்கான ஆய்வுகளில் இது ஏற்கெனவே உள்ள நடைமுறைதான். நம்மைப் பற்றிய ஆய்விலும் அது நடக்க வேண்டும் என்கிறோம். எந்த அகராதி, எந்தப் பதிப்பு என்று முடிவறிக்கையில் போட வேண்டும். கேள்வித்தாளை முன்கூட்டியே சங்கத்துக்குக் காட்ட வேண்டும். நம்முடைய பதிவின் ஒரு பிரதி நம் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு நம் பங்கு வேலையும் உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் உட்காருகிறோம். கம்ப்யூட்டர் தெரிந்த இளந்தோழர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை, கிழிந்ததானாலும், கொண்டு வாருங்கள். எந்த ஆஸ்பத்திரி என்ன பெயர் எழுதியது என்று பார்ப்போம். இளைப்பு, இறைப்பு, நெஞ்சடைப்பு, வறட்டிருமல், கிறுகிறுப்பு, முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டு வரும் புண் ஆகியவற்றுக்கு அவரவர் ஊரில் என்ன சொல்கிறீர்களோ அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவோம். அம்மாமார்களை அவசியம் அழைத்து வாருங்கள். இந்தச் சொற்கள் நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.