கண்ணைப் பார்த்துக் கோழியைக் காப்போம்

துவாஸ் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை



தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் நிறைந்த துவாசில் கோழிகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை என்பது உண்மையே. ஆயினும் உங்களுள் பலர், 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து, ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து நாள்தோறும் இங்கு வேலைக்கு வருகின்றீர்கள். ஏனையோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். லயத்தின் பின்புறத்திலோ ஊர் வீட்டின் கொல்லையிலோ பத்துப் பதினைந்து கோழிகள் மேய்கின்றன. குழந்தைகளுக்கு முட்டையும், அவசரச் செலவுக்குக் கைக்காசும் அவற்றால் கிடைக்கின்றன.

ஒருநாள் மாலை வீட்டிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. "கோழிக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டது, என்ன செய்வது?" என்று மனைவியோ தாயோ கேட்கிறார். உங்களால் உடனே போய்ப் பார்க்க இயலாது. ஆனால் சரியான கேள்விகளைக் கேட்க இயலும். அவை யாவை என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். கோழியின் கண்ணில் தோன்றும் கோளாறு பெரும்பாலும் கண்ணோடு நிற்பதன்று. உடலில் பரவிய நோயோ, தீவனக் குறையோ, கூட்டின் அசுத்தமோ கண்ணில் வந்து தெரிகின்றது. ஆகையால், காரணம் அறியாமல் கண்ணில் மட்டும் மருந்திடுவதால் பயன் இல்லை.

முதற் கேள்வி: எத்தனை கோழிகளுக்கு இவ்வாறு உள்ளது?

ஒரே கோழிக்கு, ஒரே கண்ணில் மட்டும் என்றால், மற்றொரு கோழி கொத்தியிருக்கலாம். தூசியோ முள்ளோ புகுந்திருக்கலாம். ஒரு கோழியில் தொடங்கி இரண்டு மூன்று நாள்களுக்குள் பல கோழிகளுக்குப் பரவினால் அது தொற்று நோய் என்று கருத வேண்டும். எதுவாயினும் முதல் வேலை ஒன்றே. நோயுற்ற கோழியை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். அதற்கெனத் தனித் தண்ணீர்ப் பாத்திரம் தேவை. நலமுள்ள கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயுற்றதை இறுதியில் கவனித்து, பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டாம் கேள்வி: கண்ணைத் தவிர வேறென்ன தெரிகின்றது?

முகம் வீங்கி, மூக்கில் துர்நாற்றமுள்ள சளி வடிந்தால், அது பெரும்பாலும் கொரைசா எனப்படும் தொற்றுச் சளி நோய். இது பாக்டீரியாவினால் வருவது, மனிதருக்குத் தொற்றாது. கால்நடை மருத்துவர் தரும் மருந்தினால் நோய் தணியும். ஆயினும் குணமடைந்த கோழி நோய்க்கிருமியைத் தன்னுள் சுமந்து திரிந்து, புதிய கோழிகளுக்குக் கொடுக்கும். மருந்து கொடுக்கும் காலத்திலும், அதன் பின்னர் மருத்துவர் குறிப்பிடும் நாள்கள் வரையிலும் முட்டையை உண்ணலாகாது.

கொண்டையிலும் இமையிலும் பரு போன்ற முடிச்சுகள் தோன்றிப் பொருக்குத் தட்டினால் அது கோழி அம்மை. கொசுக்கள் இதனைப் பரப்புகின்றன. நோயைப் போக்கும் நேரடி மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. பொருக்கைப் பிய்க்காமல், கண்ணைத் தூய்மையாக வைத்து, தீனி உண்ணச் செய்தால், பல கோழிகள் சில வாரங்களில் தேறிவிடும். கூட்டைச் சுற்றித் தேங்கிய நீரை அகற்றுவது இன்றியமையாதது.

கண் வீக்கத்துடன் பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை காணப்பட்டால், இராணிக்கேட் நோய் என்று ஐயுற வேண்டும். 1926ஆம் ஆண்டு சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அடுத்த ஆண்டே இந்தியாவின் இராணிக்கேட்டில் தோன்றி அவ்வூர்ப் பெயரைப் பெற்றது. இந்நோய்க் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் கண் சிவந்து சில நாள் உறுத்தும். எனவே கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது.

மூன்றாம் கேள்வி: கோழிகள் எதனைத் தின்கின்றன?

அடைத்து வைத்து, அரிசிக் குறுணையும் மீந்த சோறும் மட்டுமே போட்டு வளர்த்தால், வைட்டமின் 'ஏ' குறைவு ஏற்படும். முதலில் கண்ணில் நீர் வடியும்; பின்னர் இமைகள் ஒட்டிக்கொண்டு, உள்ளே பாலாடைக் கட்டி போன்ற வெண்பொருள் திரளும். இதற்கு நாற்றம் இராது. வளர்ந்த கோழியில் இக்குறை வெளிப்படச் சில மாதங்கள் ஆகும். முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, மஞ்சள் சோளம் ஆகியவற்றை நாள்தோறும் சிறிது கொடுத்தால் இதனைத் தவிர்க்கலாம். தோட்டங்களில் முருங்கைக்குப் பஞ்சமில்லை அல்லவா?

கரப்பான் பூச்சியைத் தின்பதாலும் ஒரு கண் நோய் வரும் என்றால் வியப்பீர்கள். வெப்ப நாடுகளில் குப்பையிலும் ஈர மண்ணிலும் வாழும் ஒருவகைக் கரப்பான், கண் புழுவின் இளம் பருவத்தைச் சுமக்கின்றது. கோழி அதனை விழுங்கியதும், இளம்புழு உணவுக் குழாய் வழியே மேலேறி, கண்ணீர்க் குழாயினூடே கண்ணை அடைகின்றது. மூன்றாம் இமையை மெல்ல விலக்கினால், நூல் போன்ற புழுக்கள் நெளிவதைக் காணலாம். அவற்றை மருத்துவரே அகற்ற வேண்டும். கூட்டின் அருகில் குப்பை குவியாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

நான்காம் கேள்வி: கூட்டில் நெடி அடிக்கிறதா?

ஈரமான எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, கோழியின் கண்ணைப் புண்ணாக்கும். விடியற்காலையில் கூட்டைத் திறந்தவுடன் குனிந்து, கோழி நிற்கும் உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் அங்கேயே அடைபட்டிருந்த கோழியின் கண் என்ன பாடுபட்டிருக்கும்? ஈர எருவின்மேல் சுண்ணாம்பைத் தூவினால் நெடி கூடுமே அன்றிக் குறையாது. ஈரத்தை முற்றிலும் வாரி அகற்றி, உலர்ந்த மரத்தூளோ உமியோ பரப்பி, காற்றோட்டத்திற்கு வழி செய்ய வேண்டும்.

இனி, வீட்டில் செய்யக்கூடிய முதலுதவி. அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். தூய பஞ்சை அதில் நனைத்து, ஒட்டிய இமையை ஊறவைத்து, மென்மையாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு வேண்டும். பார்வை மறைந்த கோழி தீனி இருக்குமிடம் அறியாது பட்டினியால் சாகக்கூடும். ஆகையால் நீரையும் தீனியையும் அதன் அலகருகே வைக்க வேண்டும். புகையிலைச் சாறு, சுண்ணாம்பு, மனிதருக்கென வாங்கிய கண் சொட்டு மருந்து ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். சில சொட்டு மருந்துகளில் உள்ள ஸ்டீராய்டு, கண் புண்ணை மேலும் ஆழமாக்கும்.

நோய் புகும் வழியான அதே கண், தடுப்பு மருந்துக்கும் வழியாகின்றது. இராணிக்கேட் நோய்க்குக் குஞ்சுகளின் முதல் வாரத்தில் தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விடுவர். மூன்றாம் இமைக்குப் பின்னுள்ள சுரப்பியில் அது நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுகின்றது. மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுவருவதே கிராமங்களில் பெருந்தடையாக இருந்தது. எனவேதான் 1980களில் ஆஸ்திரேலிய, மலேசிய ஆய்வாளர்கள் இணைந்து, வெப்பத்தைத் தாங்கும் 'வி 4' தடுப்பு மருந்தை மலேசியக் கிராமக் கோழிகளிடம் சோதித்தனர். தடுப்பு மருந்து நலமுள்ள கோழிக்கே உரியது. நோய் வந்தபின் அது பயன்படாது.

தோழர்களே, நோயுற்ற கோழியை விரைந்து விற்றுவிடுவோம் அல்லது அறுத்துவிடுவோம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதன் விளைவு என்னவாகும்? 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளந்தான் மாநிலத்துக் கிராமக் கோழிகளிடம் 'எச்5என்1' பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. உடனே சிங்கப்பூர், மலேசியக் கோழி, முட்டை இறக்குமதியை நிறுத்தியது. நோய் ஒரு கிராமத்தில் இருந்தது. இழப்போ, தொலைவிலிருந்த பண்ணைக்காரர், லாரி ஓட்டுநர், சந்தை வியாபாரி அனைவரையும் தொட்டது. அந்நோயிலும் இமையும் தலையும் வீங்குவதுண்டு என்பதை மறவாதீர்கள்.

ஆகவே, பல கோழிகள் திடீரென மடிந்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, அவற்றைத் தொடாமலும் அறுக்காமலும் உடனே அறிவிக்க வேண்டும். மலேசியாவில் கால்நடை மருத்துவச் சேவை இலாகாவும், தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகமும், சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவும் இதற்கென உள்ளன. குழந்தைகளை அக்கோழிகளின் அருகில் விடாதீர்கள்.

எத்தனை கோழிகள், வேறென்ன அறிகுறி, என்ன தீனி, கூட்டில் நெடி உண்டா? இந்நான்கு கேள்விகளையும் இன்றிரவே வீட்டாருக்குச் சொல்லி, அவர்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளச் செய்யுங்கள். நோய் வந்தபின் அலைவதைவிட, நாள்தோறும் காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒவ்வொரு கோழியின் கண்ணையும் ஒரு கணம் நோக்குவது எளிது. அதற்குச் செலவு ஏதுமில்லை.